இந்த வாரம் ஜன்னல் யாருக்கு

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்துச்சுன்னு முதல்லயே சொல்லிடறேன். எங்க அக்கா வேலை முடிஞ்சு வந்தா, பைய கதவுல மாட்டினா, ஒரு கால் செருப்ப மட்டும் கழட்டினா. இன்னொண்ணு கால்லயே இருக்க, அப்படியே நின்னு என்னைக் கேட்டா: "ஏண்டீ, என்னோடத நானா ஒருத்திக்குக் குடுத்தா அது அநியாயமா?"

"இல்லையே"ன்னேன். டக்குனு. இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் பதில் எனக்கு வாயிலயே ரெடியா இருக்கும்.

"அப்ப உனக்கு ஒண்ணும் புரியல"ன்னுட்டு ஒத்தச் செருப்போடவே போய்ப் படுத்துட்டா.

அந்த ஒத்தச் செருப்பு தான் கதை. மத்ததெல்லாம் நான் அதுக்கு ஜோடி தேடறது.

2.

முதல் ஆரம்பம்: "அது ஒரு நீளமான ஹால். ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியா நீதி என்னும்—" சீ. அடிச்சாச்சு.

ரெண்டாவது: "வெளிச்சம் என்பது—" எங்க வீட்டுல யாரு 'என்பது'ன்னு பேசறா? அடிச்சாச்சு.

மூணாவது, சும்மா சொல்லிடறேன். அக்கா வேலை பாக்கறது ஒரு தையல் கம்பெனியில, மூணாவது மாடி ஹால்ல. மிஷின் தையலெல்லாம் கீழ முடிஞ்சிரும். மேல வர்றது கைவேலை: ஓரம் மடிச்சுத் தைக்கணும், கழுத்து மடிப்பு பிடிக்கணும், பட்டன் வைக்கணும். தைக்கறது வக்கீலுங்க போடற கருப்பு கவுன். கருப்புத் துணி, கருப்பு நூல். பக்கத்துக் கட்டடங்க மூணு பக்கமும் ஒட்டி நிக்கறதால, ஹாலுக்கு ஒரே ஜன்னல். ட்யூப் லைட்டுக்குக் கீழ அந்தத் துணி ஒரு குளம் மாதிரி இருக்குமாம். ஊசி உள்ள போறது தெரியும், எங்க வெளிய வரும்னு தெரியாது. ஜன்னல் பக்கத்துல உக்காந்தா மட்டும் துணி முழிச்சுக்கும். இழை இழையாத் தெரியும். நூல் தனியா மினுங்கும். அங்க உக்காந்தா தைக்கற மாதிரியே இருக்காது, யாரோ தலை கோதிவிடற மாதிரி இருக்கும்னு அக்கா சொல்லுவா.

(நியாயத்தப் பத்தின கதையில வக்கீல் கவுனா, ரொம்பப் பொருத்தமா இருக்கேன்னு நானே கூச்சப்பட்டு, 'ஸ்கூல் கோட்டு'ன்னு மாத்தினேன். அக்கா படிச்சுட்டு, "நான் தைக்கறது கவுனு தானேடீ, அதுக்கு நான் என்ன பண்ண?"ன்னா. திரும்ப கவுனாக்கிட்டேன்.)

3.

இப்ப கொஞ்சம் பேசிக்கறேன், கதை எங்கயும் ஓடிடாது.

நான் இத எழுத ஆரம்பிச்சதுலேருந்து 'நியாயம்'ங்கற வார்த்தைய காதால பொறுக்கிட்டு இருக்கேன். மதியத்துல ஜன்னல் திட்டுல படுத்துக்கிட்டு, பாதி தூக்கத்துல. தெருவுல எலெக்ஷன் வண்டி போகும். "இது நியாயமா? நான் கேக்கறேன், இது நியாயமா?" கவனிச்சிருக்கீங்களா, மைக்ல அது எப்பவும் கேள்வியா தான் வரும். 'இது தான் நியாயம்'னு சொன்னா யாராவது எப்படின்னு கேட்டுருவாங்கல்ல. கேள்வியா விட்டா கூட்டமே பதில் சொல்லிட்டுப் போயிரும். வண்டி போன அப்புறம் கீழ்வீட்டுல சண்டை. தம்பிக்கு மட்டும் பெரிய கட்டிலாம். "உனக்கு ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பும்மா!" அப்புறம் எல்லாம் அடங்கி, காத்தாடி சத்தம் மட்டும்.

ஜெயிச்சவங்க வாயில அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல. கட்டில் கெடைச்ச தம்பி 'ஆஹா என்ன நியாயம்'னு சொல்லிட்டா தூங்குவான்? கொறட்டை தான் வரும். கையிலேருந்து ஏதோ நழுவும்போது தான்—

(இந்த வாக்கியத்த முடிக்கத் தெரியல. இப்படியே இருக்கட்டும்.)

4.

ஹாலுக்கு வர்றேன். முன்னாடியெல்லாம் ஜன்னல் சீட்டு சூப்பர்வைசர் கையில இருந்துச்சு. யாரு அவருக்குச் சிரிச்சுப் பேசறாங்களோ அவங்களுக்கு. எங்க அக்கா தான் ஒருநாள் கத்தரிக்கோல டேபிள்ல 'ணங்'குனு வச்சுட்டு, "எல்லாரும் ஒரே வேலை தானே சார் பாக்கறோம்? வெளிச்சம் மட்டும் ஏன் ஆளு பாத்து வருது?"ன்னு கேட்டா. அன்னிக்கு எல்லா ஊசியும் நின்னுச்சாம். அப்புறம் தான் முறை வந்துச்சு. வாரம் ஒருத்தி. திங்கக்கிழமை காலையில நாற்காலி கை மாறும்.

ஆனா சூப்பர்வைசர் லேசுப்பட்ட ஆளா? முறைய மாத்தல, முறை வந்தவளக் கூப்பிட்டுப் பேசினாரு. திங்கக்கிழமை பாத்தா அவ தன் சீட்ட வேற ஒருத்திக்கு 'ஆசையா' குடுத்திருப்பா. அப்படி ரெண்டு தடவ குடுத்தவ மைனா. (ஓயாம பேசிட்டே இருப்பா, அதான் மைனா. அக்காவுக்குப் பக்கத்து சீட்டு, உயிர்த்தோழி.) ரெண்டாவது தடவ கண்ணத் தொடச்சுக்கிட்டே, "ஆசையா தான் குடுத்தேன்"னு சொன்னா. அன்னிக்கு அத்தனை பேரும் உக்காந்து இன்னொரு ரூல் போட்டாங்க: *யாரும் தன் முறைய யாருக்கும் குடுக்கக்கூடாது.* ஆசையாக் கூடக் குடுக்கக்கூடாது. முதல்ல கை தூக்கினது மைனா. ரெண்டாவது அக்கா.

எவ்ளோ நல்ல ரூல் பாருங்க. அழுதுக்கிட்டே யாரும் ஆசைப்பட வேண்டியதில்ல.

5.

இப்ப மைனாவோட ஜன்னல் வாரம். அவ பேசவே இல்ல. அக்காவுக்கு அதுவே பயம்.

"என்னடீ, வாய்க்கு லீவா?"

மைனா துணிய மூக்குகிட்ட வச்சுக்கிட்டு, ஊசிய விரலாலத் தடவித் தடவித் தைக்கறா. "இங்கன்னா கொஞ்சம் தெரியுதுடீ"ன்னா, மெதுவா. "அங்க லைட்டுக்கடியில எனக்குக் கருப்பு எல்லாம் ஒரே கருப்பா போச்சு. நடுவுல யாரோ புகை விட்ட மாதிரி. நீ தானே நூல் கோத்துக் குடுப்ப, அதான் யாருக்கும் தெரியல."

"டாக்டரு?"

"ஆபரேஷன் பண்ணா சரியாயிருமாம். பேரு குடுத்திருக்கேன். அங்கயும் வரிசை தான்."

"சார்கிட்ட சொல்லிடலாமா?"

"சொன்னா? கண்ணு தெரியாதவளுக்கு ஊசியக் குடுத்து உக்கார வைப்பாரா, டாட்டா சொல்லுவாரா? வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்தி. யார்கிட்டயும் மூச்சு விடாத." அப்புறம் சிரிச்சாளாம். "ரெண்டு கவுனு ஏற்கெனவே திரும்பி வந்துருச்சுடீ. ஓரம் பாம்பு மாதிரி போயிருக்காம். இன்னொண்ணு வந்துச்சுன்னா, அவ்ளோ தான் நான்."

அடுத்த திங்கக்கிழமை முறை யாரோடது? எங்க அக்காவோடது.

(இங்க ஒரு விஷயம். இத எழுத அக்கா ஒத்துக்கிட்டதே ஒரு கண்டிஷன்ல: மைனா யாருன்னு தெரியக்கூடாது. அதனால பேர மாத்தினேன், பறவைய மாத்தினேன். நோவு நிஜத்துலயும் கண்ணுல தானான்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க.)

6.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரம். அக்கா எழுந்து சொன்னா: "என் முறைய மைனாவுக்குக் குடுக்கறேன்."

ஹால்ல குண்டூசின்னு ஒருத்தி உண்டு, எங்க குத்தினாலும் சரியான எடத்துல தான் குத்துவா. அக்காவுக்கு அடுத்த முறை அவளோடது.

"குடுக்கக்கூடாதுன்னு கை தூக்கினது நீ தானே தாயி?"

"நானா ஆசைப்பட்டுக் குடுக்கறேன்."

"மைனாவும் அன்னிக்கு ஆசையா தான் குடுத்தா. மூக்க உறிஞ்சிக்கிட்டே ஆசை."

"இது அது இல்ல."

"அப்ப எது? சொல்லேன், கேட்டுக்கறோம்."

அக்கா மைனாவப் பாத்தா. மைனா சாப்பாட்டு டப்பாவோட மூடிய மூடறா, திறக்கறா, மூடறா.

"சொல்ல முடியாது"ன்னா அக்கா.

"ஆங்! ஊருக்கு ஒரு நியாயம், உன் கூட்டாளிக்கு ஒரு நியாயம்."

வாசல்ல சூப்பர்வைசர் நிக்கறாரு, கழுத்துல இஞ்சு டேப்பு மாலை மாதிரி. "நான் குடுத்தா அநியாயம், நீங்க குடுத்தா பாசமாம்மா? மாமியா ஒடச்சா மண்குடம், மருமக ஒடச்சா பொன்குடம்! உங்க ரூலு. நான் தலையிட மாட்டேன்பா."

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அக்காவுக்கே சிரிப்பு வந்துருச்சாம். அது தான் அவளுக்குத் தாங்கல. அந்த ஆளு சொன்னது சரியா இருந்துச்சு.

அன்னிக்குத் தான் ஒத்தச் செருப்போட படுத்தா.

7.

மாடிவீட்டு வக்கீல் மாமாகிட்ட போனேன். அவரோட கவுன் பால்கனி கொடியில ஆடிட்டு இருந்துச்சு, உள்ள யாரும் இல்லாமயே யாருக்காகவோ வாதாடற மாதிரி. ஓரத்தத் தொட்டுப் பாத்தேன். நேரா இருந்துச்சு.

"மாமா, நல்லதுக்குப் போட்ட ரூலு ஒரு நல்லதத் தடுத்தா என்ன பண்ணணும்?"

"நீ யாரு கட்சி?"

"கதை கட்சி."

"அப்ப ஃபீஸ் தேறாது." கண்ணாடியத் தொடச்சாரு. "இங்க பாரு கண்ணு. ரூலு நம்ம பக்கம் இருந்தா ரூல பேசுவோம். இல்லன்னா நியாயத்த பேசுவோம். ரெண்டும் இல்லன்னா வாய்தா வாங்கி இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போடுவோம்."

"விளையாடாதீங்க மாமா."

"சரி. விலக்கு கேக்கலாம், தப்பில்ல. ஆனா காரணம் சொல்லணும். காரணம் சொல்லாம கேட்டா அதுக்குப் பேரு சலுகை."

"காரணம் சொன்னா அந்த ஆளுக்கு வேலையே போயிரும்னா?"

அவரு கொடியிலேருந்து கவுன எடுத்து மடிச்சாரு. "அப்ப... வாய்தா"ன்னாரு. இந்தத் தடவ விளையாடல.

8.

எழுதிட்டே தூங்கிட்டேன் போல. (கனவ வச்சு கதைய நகத்தறது சோம்பேறித்தனம்னு எனக்கும் தெரியும். ஆனா வந்துச்சே.)

ஹால்ல ஜன்னல் நடக்குது. செவுத்துல மெதுவா, பூனை மாதிரி, ஒவ்வொருத்தி முதுகுக்குப் பின்னாடியும் நின்னு நின்னு போகுது. வெளிச்சம் மாவு மாதிரி மடியில கொட்டுது. நான் டேபிள் மேல உக்காந்து டைப் பண்றேன். எல்லாரும் ஊசிய வச்சுட்டு என்னைத் திரும்பிப் பாக்கறாங்க.

சூப்பர்வைசர் தான் முதல்ல: "எனக்கு ஒரு நல்ல வரி குடுத்தியாம்மா? மேலேருந்து எனக்கு வர்ற திட்டு உன் கதையில எங்க? இது நியாயமா?" பாவமா இருந்துச்சு. இந்தாங்க சார்: போன மழையில ஹால் ஒழுகினப்ப, அவரு தன் குடைய விரிச்சு கவுன் அடுக்குமேல வச்சுட்டு, நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போனாரு. நிஜம் தான், அக்கா சொன்னா.

குண்டூசி: "எனக்கும் கழுத்து போச்சு. நான் வாய்விட்டு சொன்னா பொலம்பல், அவ மறைச்சா ரகசியம். நல்லா இருக்குடீ உன் கதை."

கடைசில மைனா. பக்கத்துல வந்து ஸ்க்ரீன மூக்குகிட்ட வச்சுப் படிச்சா. "என்னைப் பாவம்னு எழுதாத"ன்னா. "பாவம்னு எழுதினா சீட்டு கெடைக்கும். அப்புறம் அந்த சீட்டுல பாவம் தான் உக்காந்திருக்கும். நான் எங்க உக்காருவேன்?"

முழிச்சப்ப கன்னத்துல கீபோர்டு அச்சு.

9.

மூணு முடிவு எழுதிப் பாத்தேன்.

ஒண்ணு: அக்கா எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடறா. எல்லாரும் அழுது, ஆபரேஷன் ஆகற வரைக்கும் மைனாவுக்கே ஜன்னல். குண்டூசி தான் முதல்ல கை தட்டறா. படிச்சுட்டு அக்கா கேட்டா: "இது சார் காதுக்குப் போக எவ்ளோ நேரம் ஆகும்? அந்த ஹால்ல காத்து போகாதுடீ, பேச்சு போகும்."

ரெண்டு: அக்கா தன் முறையில தான் உக்காந்துடறா. ரூல் ஜெயிக்குது. மைனா லைட்டுக்கடியில, கருப்புக்குள்ள, மூணாவது கவுனு— இத நானே முடிக்கல. ஆனா ரூல் ஒடஞ்சா அடுத்த வாரமே எவளோ ஒருத்தி மறுபடியும் கண்ணத் தொடச்சுக்கிட்டு ஆசைப்படுவாளே, அதுவும் நெஜம் தானே?

மூணு: செவுத்த இடிச்சு இன்னொரு ஜன்னல். "போடீ. கதையில தான் செவுரு சும்மா ஒடையும்."

"அப்ப அவ துணிய நீ வாங்கித் தச்சுக் குடேன்"ன்னேன்.

"ரெண்டு பேர் வேலைக்கு எனக்கு நாலு கை வேணும். நீ கதையில குடுப்ப."

10.

திங்கக்கிழமை காலையில ரெண்டு செருப்பையும் போட்டா. பைய எடுத்தா.

"முடிவு பண்ணிட்டியாக்கா?"

"ம்."

"என்ன?"

"கதைய நீ பாரு வாலு. நாற்காலிய நான் பாத்துக்கறேன்."

போயிட்டா. படியில அவ சத்தம் குறைஞ்சு குறைஞ்சு தெருவோட கலந்துருச்சு. நான் இத இப்ப, இந்த நிமிஷம் டைப் பண்ணிட்டு இருக்கேன். அவ ஹாலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பா. எதிர்க் கட்டடத்த ஏறித் தாண்டி வெளிச்சம் உள்ள வந்திருக்கும், காலி நாற்காலிமேல விழுந்திருக்கும். நாற்காலிக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் மைனா. குண்டூசி ஊசியில நூல் கோக்கற மாதிரி நடிக்கறா. வாசல்ல சூப்பர்வைசர், கழுத்துல டேப்பு. எல்லாரோடதும் நியாயம் தான், ஆனா நாற்காலி—

அடுத்த வரி எழுத வேண்டியது நான். என் முறை. வெளிச்சம் நேரா என் மடியில தான் விழுது.

நான் உங்களுக்குக் குடுத்துடறேன். வாங்க, உக்காருங்க, நீங்க எழுதுங்க. தெரியும், ரூல் படி குடுக்கக்கூடாது. காரணம் கேட்டா என்னாலயும் சொல்ல முடியாது.

ஆசையா தான் குடுக்கறேன்.