குடிசை ஒரு தடவைதான் எரியும்

வெள்ளைக்காரக் கம்பெனியின் பட்டாளம் ஊரைக் கொளுத்தும் சினிமாக் காட்சிக்காகச் சங்கரன்கோவிலுக்கு வெளியே கரிசல் காட்டில் பத்து ஓலைக் குடிசைகள் போட்டிருந்தார்கள். மெட்ராசிலிருந்து வந்த டைரக்டருக்கு நடுவில் ஒரு பிணம் தேவைப்பட்டது. வாட்டசாட்டமாக நின்ற சண்முகையா மாட்டிக்கொண்டான். நெஞ்சில் சிவப்புச் சாயத்தை ஊற்றிப் படுக்க வைத்ததும் அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த அவன் பெண்டாட்டி பூமாரிதான் அந்தச் சிவப்பைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வெள்ளைக்காரன் வந்த அன்னிக்கு உலகமே அழிஞ்சுபோச்சு. ஜனங்க பாத்து நடுங்கணும்மா,” என்றார் டைரக்டர். “நீ நல்லா ஒப்பாரி பாடுவியாமே. இவன் மேல விழுந்து பாடு.”

ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் பூமாரியைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் சாவு விழாத இடத்தில் விளையாட்டுக்குக்கூட அவள் ஒப்பாரியை முணுமுணுக்க மாட்டாள். இதில் கட்டினவன் உயிரோடு கிடக்கும்போது அவன் மேலேயே விழுந்து பாடுவதாம். நல்லா இருக்கிறது நியாயம்!

“மாட்டேன்யா. இவரு எம் புருசன்.”

“ஏட்டி, சும்மா சினிமாக்குத்தான,” என்றது பிணம், ஒற்றைக் கண்ணைத் திறந்து.

“நீரு சும்மா கெடயும்!”

“குடிசை ஒரு தடவைதான் எரியும்!” என்று கத்திய டைரக்டர், பிறகு இறங்கி வந்தார். பாட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ‘கட்’ சொல்லும்வரை பிணம் மட்டும் அசையக் கூடாது.

தீ வைத்தார்கள். ஆடிக் காற்றைப் பற்றி மெட்ராஸ்காரர்களுக்கு என்ன தெரியும்? பத்துக் குடிசையும் ஒரே மூச்சில் பற்றின. வானம் இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. எரிகிற கீற்று ஒன்று பறந்து வந்து சண்முகையாவின் காலடியில் விழுந்தது. அவன் அசையவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானா, புகையில் மயங்கிவிட்டானா? பூமாரி அவன் மேல் விழுந்து நெஞ்சில் அறைந்தாள்.

“இந்தாரும், எந்திரியும்! எந்திரியும்!”

அதன் பிறகுதான் ‘கட்’ வந்தது. சண்முகையா இருமிக்கொண்டே எழுந்தான். காலில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். டைரக்டர் கைதட்டினார்.

மறு வருசம் படம் டவுனுக்கு வந்தது. மத்தியான ஆட்டம். குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள், அவர்களோடு சண்முகையா. திரையில் உலகம் எரிந்தது. பூமாரி புருசன் மேல் விழுந்தாள், வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரலில்லை. எவளோ ஒருத்தி மெட்ராசில் உட்கார்ந்து பாடிய ஒப்பாரி, தாலியறுக்கும் வரி வரைக்கும் முழுசாக.

“என்னமா பாடுத பூமாரி!” என்று பக்கத்தில் ஆவுடையம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

பூமாரி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, புருசனைத் தேடி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பீடிப் புகைக்குள் எல்லா முகமும் ஒரே சிவப்பாக இருந்தது.

“இந்தாரும், எந்திரியும்!” என்று கத்தினாள். ஒப்பாரி ஓயவில்லை. அவள் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.