ஒன்பதாவது பிடரி

1

ஒப்புக்கொள்கிறேன்: இக்கதையை நான் தேடிச் செல்லவில்லை. சவரக்கடை நாற்காலியில் தலை குனிந்திருந்தபோது என் பிடரியில் வந்து விழுந்தது.

“உங்களுக்கும் ரெட்டைச் சுழியா!” என்றார், போர்க்காலத்தில் படைவீரர்களுக்கு முடிவெட்டிய கடைக்காரர். “எங்க படையிலயும் ஒருத்தன் இருந்தான். உனக்கு ரெண்டு பொண்டாட்டிடான்னு கேலி பண்ணுவோம். அவனுக்கு ஒண்ணே கிடைக்கல!”*

உடனே எழுதத் தொடங்கினேன்: குண்டுகள் மழையெனப் பொழிந்த அவ்வேளையில், அஞ்சாநெஞ்சினர் கத்தரிக்கோலை ஏந்தி—

(அடித்துவிட்டேன். “குண்டு விழுந்தப்ப நான் பெஞ்சுக்கு அடியில இருந்தேன். அங்கருந்து எப்படிங்க முடி வெட்டுறது?” என்று கேட்டார் அவர்.)

* எனக்கும் மனைவி ஒருவரே. சுழியில் விதி இல்லை, முடிதான் இருக்கிறது.

2

வீரர்களின் நினைவுகளைத் திரட்டும் காப்பகத்திலிருந்து ஒரு பெண் அலுவலர், கடைக்காரரின் பேச்சைப் பதிவுசெய்ய வந்தார். படிவம் கேட்டது: பங்கேற்ற சண்டைகள்? பெற்ற பதக்கங்கள்? அவரோ தலைகளைப் பற்றியே பேசினார்.

பதிவைக் கேட்ட மேலாளர், “இதுல போர் எங்கம்மா இருக்கு? அழிச்சிடுங்க” என்றார்.

அழிப்பதாம்! தளபதி தும்மினால் அது வரலாறு. அத்தளபதியின் தலையைப் பிடித்து நிமிர்த்தியவர் வாய் திறந்தால் வெட்டிப்பேச்சா?

[மேடைக் குரல் புகுந்துவிட்டது. வெட்ட மனம் வரவில்லை.]

3

அழிக்கக் கை எழாத அந்த அலுவலருக்கு ஒரு பொறி தட்டியது. காப்பகத்திலிருந்த பழைய படமொன்றுடன் மறுநாளே கடைக்கு வந்து, பதிவுக் கருவியையும் இயக்கினார். படத்தில், ஆற்றங்கரையில் முதுகு காட்டி ஒன்பது வீரர்கள். ஒருவர் முகமும் தெரியவில்லை. அடியில் ‘அடையாளம் தெரியாதோர்’ என்றிருந்தது.

“தெரியாதோரா? இவன் ரெட்டைச் சுழி. இது குருவிக்கூடு, சீப்பு உள்ள போனா திரும்பி வராது. இந்தக் காதுல வடு இருக்கே, அது எதிரி போட்டதில்லம்மா. நான் போட்டது. வெட்டும்போது சிரிச்சுட்டான்!”

எட்டுப் பேருக்கும் பெயரும் ஊரும் கிடைத்தன. ஒன்பதாவது தலையில் விரல் நின்றது.

“இவனை எனக்குத் தெரியல. ஆனா வெட்டினவன் கத்துக்குட்டி. எவ்வளவு கோணல் பாருங்க!”

(ஒரு முடிவு: அது அந்த அலுவலரின் தந்தை! அவர் கதறி— வேண்டாம். அவருடைய தந்தை வீட்டில் தொலைக்காட்சியை அலறவிட்டு நலமாக இருக்கிறார்.)

துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவி எட்டிப்பார்த்தார்.

“இது நீங்கதான்!”

“நானா? முடிவெட்டுறவனை எவன் படம் பிடிப்பான்?”

“நாப்பது வருஷமா கோவம் வந்தா முதுகைக் காட்டிப் படுக்குறீங்க. இந்தப் பிடரி எனக்குத் தெரியாதா?”

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். “அடப்பாவி! அன்னிக்கு ஒரு நாள் ரெட்டைச் சுழி கையில கத்தரிக்கோலைக் கொடுத்தேம்மா!”

4

பதிவு அழிக்கப்படவில்லை. எட்டுப் பெயர்களையும் கேட்ட மேலாளர், ‘அடையாளம் தெரியாதோர்’ என்பதைத் தம் கையாலேயே அடித்தார்.

படத்தின் பெயர்ப் பட்டியலில் ஒன்பதாவது கட்டம் மட்டும் காலி. ‘உதவிப் பணியாளர்’ போதும் என்கிறார் மேலாளர். ‘என் வீட்டுக்காரர்’ என்று போடச் சொல்கிறார் மனைவி. ‘கோணலுக்கு இவர் பொறுப்பல்ல’ என்று எழுதினால்தான் ஆயிற்று என்கிறார் கடைக்காரர்.

வாசகரே, பேனாவைப் பிடியுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். அழிப்பானை மட்டும் நான் எடுத்துப் போகிறேன்.