கோவிலைச் சுற்றிய பியட்

ஜோஸ்பின் அக்காவுக்குத் தாலி செய்யக் கொடுப்பதற்கு முன்பே அப்பா காருக்கு ஏசி போடக் கொடுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அப்பா யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

கார் அறுபத்தைந்தாம் வருடத்துப் பியட். அப்பா, ராயப்பராஜ், சிறுமலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் இருபது வருடம் டிரைவராக இருந்தவர். தோட்டத்தை விற்றுவிட்டுப் போகும்போது முதலாளி காரை அப்பாவிடமே விட்டுப் போனார். அதன் முன்கதவு இரண்டும் மற்ற கார்களுக்கு எதிர்த்திசையில் திறக்கும். கியர் ஸ்டியரிங்கிலேயே இருக்கும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அந்தக் காரில்தான்.

அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து அம்மாவுக்குக் கழுத்து, மார்பு, முதுகு, இரண்டு கைகள் எல்லாம் வெந்துபோயின. பிழைத்துக்கொண்டாள். ஆனால் வெந்து ஆறிய தோலில் வியர்வை வராது. வியர்க்காத உடம்புக்குள் சூடு தங்கிவிடும். வெயிலில் செத்த நேரம் நின்றால் முகம் சிவந்து, கண் இருட்டி, விழுந்துவிடுவாள். பகல் முழுவதும் உள்ளறையில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றது அந்தத் துண்டை நனைத்து நனைத்துக் கொடுக்கத்தான்.

கல்யாணம் மே மாதம். மாப்பிள்ளை மரியராஜ் வீட்டாருக்குக் கொடைரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பங்குச் சாமியாருக்கு அன்றைக்கு மூன்று ஊரில் கல்யாணப் பூசை இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது காலை பதினோரு மணி.

"நான் வரலைங்க. போட்டோவுல பாத்துக்கிறேன்" என்றாள் அம்மா.

மறுநாள் அப்பா காரை எடுத்துக்கொண்டு பேகம்பூருக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே சாகுல் ஹமீது என்று ஒருவர் ஃபிரிட்ஜும் கார் ஏசியும் பார்க்கிற கடை வைத்திருந்தார். அவர் பியட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அண்ணே, இது என்னைய விட மூத்ததுண்ணே. மரியாதையாப் பேசணும் இதுகிட்ட."

எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் சத்தம் போட்டார். "என்ன பாய், கெழவனுக்குக் குளிரு காட்டப் போறியளா? சளி பிடிச்சிரும்!"

"நீ டீயக் குடிய்யா, ஆறிரப் போகுது" என்றார் சாகுல் ஹமீது. பிறகு அப்பாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "யாருக்குண்ணே ஏசி?" என்றார். அப்பா சொன்னார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

வேலை மூன்று வாரம் நடந்தது. அடிபட்டு நொறுங்கிய மாருதி ஒன்றிலிருந்து கம்ப்ரஸரைக் கழற்றி வந்தார்கள். பியட் இஞ்சினில் அது உட்காரவில்லை. அதைத் தாங்குகிற இரும்புத் தகட்டை லேத்துப் பட்டறையில் மூன்று தடவை வெட்டினார்கள். டேஷ்போர்டில் ஓட்டை போட அப்பா சம்மதிக்கவே இல்லை. அதனால் குளிர் வருகிற பெட்டி அதற்குக் கீழே தொங்கியது, பள்ளிப் பிள்ளையின் டிபன் பாக்ஸ் போல.

ஒரு மத்தியானம் அம்மாவை ஏற்றிக்கொண்டு தாடிக்கொம்பு வரை போய்ப் பார்த்தோம். நான்கு வருடத்தில் அம்மா பகலில் வெளியே வந்தது அன்றுதான். அவள் முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பெட்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டாள். மாட்டாஸ்பத்திரி தாண்டியதும் ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டாள். வீட்டில் எங்களுக்கு முன்னால்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

"மழைக்கு முந்தி ஒரு காத்து வருமுல்ல, அப்பிடி இருக்குங்க."

அப்பா ரோட்டையே பார்த்து ஓட்டினார். அவருக்கு மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கார் நின்றது. இஞ்சின் சூடு காட்டும் முள் மெல்ல மெல்ல ஏறியது. அப்பா ஏசியை நிறுத்தினார். கூட்ஸ் வண்டி நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. கேட் திறப்பதற்குள் அம்மாவின் முகம் செங்கல் மாதிரி ஆகிவிட்டது.

சாகுல் ஹமீது முன்னால் இன்னொரு ஃபேன் வைத்துப் பார்த்தார். நிற்கிற காரில் அது பத்து நிமிடம் தாங்கியது. "ஓடுற வரைக்கும் ஒரு கொறையும் இல்லண்ணே. நின்னாத்தான் மூச்சு வாங்குது. வயசு அப்பிடி" என்றார். கல்யாணத்தன்று தானே ஓட்டுவதாகவும் சொன்னார். "நீங்க பொண்ணு கூட நிக்கணுமுல்ல."

அம்மா ஒரு வாரம் யோசித்தாள்.

"வாரேன். ஆனா காரை விட்டு எறங்க மாட்டேன். இந்தக் கழுத்த வச்சுக்கிட்டு அம்புட்டுச் சனத்துக்கு முன்னால என்னால நிக்க முடியாது."

"எறங்க வேணாம் வியாகுலம். நீ வந்தாப் போதும்" என்று அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்.

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை ஊர் மாதா கோவில் ஒரு பெரிய பொட்டலுக்கு நடுவில் இருந்தது. கல்யாணத்தன்று சாகுல் ஹமீது காரைப் பக்கவாசலுக்கு நேரே வேப்பமரத்தடியில் நிறுத்தினார். பின்சீட்டில் அம்மாவும் நானும். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றியிருந்தோம். பூசை தொடங்கியது. அக்காவின் முக்காடு தெரிந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, முள் ஏற ஆரம்பித்தது.

"அக்கா, நிக்க வேணாம். சுத்துவோம்" என்று அம்மாவிடம் சொன்னார் சாகுல் ஹமீது.

இரண்டாவது கியரில் கார் கோவிலைச் சுற்ற ஆரம்பித்தது. முன்வாசல், தெற்குப் பக்கம், பீடத்துக்குப் பின்சுவர், பந்தி போடும் பந்தல், மறுபடியும் பக்கவாசல். ஒவ்வொரு சுற்றிலும் வாசலைத் தாண்டுகிற நேரம் மட்டும் உள்ளே பார்க்கலாம். ஒரு சுற்றில் அப்பாவின் புதுச் சட்டை முதுகு. ஒரு சுற்றில் எல்லாரும் முழங்காலில். ஒரு சுற்றில் ஒரு தூண் மட்டும். அம்மா ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள்.

பந்தலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

"தேர் சுத்துதுன்னு நெனச்சுக்கிட்டாக போல" என்றார் சாகுல் ஹமீது. "மொதலயே சொல்லியிருந்தா ஒரு மாலை போட்டிருப்பேன்."

அம்மா சிரித்தாள்.

பதினொன்றாவது சுற்றோ பன்னிரண்டாவதோ, அக்கா மாப்பிள்ளையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அவள் கல்யாண உறுதிமொழி சொல்வதற்காகச் சாமியார் வாயருகே மைக்கைப் பிடித்திருந்தார்.

"வார்த்தைப்பாடு குடுக்குறா" என்றாள் அம்மா. அதற்குள் வாசல் போய்விட்டது. அம்மா கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள். அனல் அப்படியே உள்ளே வந்து முகத்தில் அடித்தது.

"அக்கா, குளிரு பூராம் போயிரும்க்கா."

"போகட்டும் தம்பி."

வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அக்காவின் குரல் வந்தது. முதல் வரியைத் தெளிவாகச் சொன்னாள். அடுத்த வரியைத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டாள். ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் கேட்டது. சாமியார் மெதுவாக எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் மூச்சுதான்.

"அழுகுறா" என்றாள் அம்மா. "நிப்பாட்டு தம்பி."

கார் அப்போது பீடத்துப் பின்சுவருக்குப் பக்கத்தில் இருந்தது. நான் குடையை விரிப்பதற்குள் அம்மா இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தாள். பொட்டல் மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஈரத்துண்டைத் தோளில் போடப் போனேன். அது பட்டுச்சேலையை நனைத்துவிடும் என்று கையால் தள்ளிவிட்டாள். முந்தானையைக் கழுத்துவரை இழுத்துவிடவும் அவளுக்குத் தோன்றவில்லை.

பக்கவாசலில் போய் நின்றோம். முன்வரிசையில் ஒருத்தி திரும்பினாள். பிறகு அந்த வரிசையே திரும்பியது. அம்மா அவர்களைப் பார்க்கவில்லை.

"ஜோஸு" என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கையுறை போட்ட கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அப்பா பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்து, சபையைப் பற்றிக் கவலையே இல்லாமல் அம்மாவுக்கு விசிறத் தொடங்கினார்.

அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். அந்தக் கையின் சூடு என் சட்டையைத் தாண்டி வந்தது.

"போயிருவமாம்மா?"

"செத்த இரு. தாலி கட்டட்டும்."

மாப்பிள்ளை தாலியைக் கட்டத் தொடங்கினார். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் முகம் கனலாக இருந்தது. கண்ணும் லேசாகச் செருகியது. அப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அவளை வெளியே கூட்டி வந்தோம்.

பியட் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே சாகுல் ஹமீதைத் தவிர யாரும் இல்லை. காலி சீட்டைக் குளிர வைத்துக்கொண்டு, புழுதியைக் கிளப்பியபடி அது வளைவில் திரும்பி வந்தது. அம்மா டவுன்பஸ்ஸை நிறுத்துவது போலக் கையை நீட்டினாள்.