பீரோவுக்கு அடியில்

மருத்துவமனையின் துணி வெளுக்கும் பிரிவில் காலை ஷிப்டு முடித்து வந்தவளுக்கு நின்றபடியே தூங்கிவிடலாம் போலிருந்தது. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டாமல், வாடகைக்கு விட்டிருந்த ஒற்றை அறை வீட்டுக்குப் படியேறியதற்குக் காரணம் அவள் கணவன்தான். தரைக்கு ஷீட் ஒட்டுகிறவரைக் கூட்டிப்போய்க் காட்டு, காட்டு என்று ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்தான். தரையை மாற்றவேண்டுமென்றால் குடியிருக்கும் தையல்காரி காலி செய்யத்தானே வேண்டும்? அந்தச் சாக்கில் வேறு ஆளைக் கூடுதல் வாடகைக்கு வைத்துவிடலாம் என்பது அவன் திட்டம். அவளுக்கு அது பிடிக்கவில்லை. எதிர்த்துப் பேசவும் உடம்பில் தெம்பில்லை. தரை பரவாயில்லாமல் இருந்துவிட்டால் பேச்சு அத்தோடு ஓய்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டு வந்தாள்.

கழுத்தில் அளவு டேப்போடு கதவைத் திறந்த தையல்காரிக்கு, பின்னால் பையோடு நின்ற தரைக்காரரைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. உட்காரச் சொல்லக்கூட மறந்துவிட்டாள்.

தரை நன்றாகத்தான் இருந்தது. பூப்போட்ட அந்த வினைல் ஷீட் அங்கங்கே வெளுத்திருந்ததே தவிர, கிழிசல் என்று எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டுக்காரிக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் தரைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தையல் மெஷினுக்கு முன்னால் விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இது ஒட்டு போட்டதும்மா. பூவோட பூ சேர்த்து வெட்டி ஒட்டியிருக்காங்க. இந்த டிசைன் கடையில வர்றதே இல்ல. துண்டு எங்கேர்ந்து கிடைச்சுது?"

தையல்காரியின் பார்வை ஒரு நொடி பீரோ பக்கம் போய் வந்தது.

மூன்று பேரும் சேர்ந்து தள்ளியும் பீரோ லேசில் அசையவில்லை. ஊர்ச் சட்டையெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குதா என்று தரைக்காரர் முனகினார். ஒருவழியாக நகர்ந்ததும் அடியில் வெறும் சிமெண்டு தெரிந்தது. காலர் போல ஒரு துண்டு, கைப்பட்டி போல ஒரு துண்டு என்று வெட்டி எடுத்தது போக, ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குத்தான் ஷீட் மிச்சமிருந்தது. கட்டிலுக்கு அடியிலும் அதே கதைதான். கிழிந்த சட்டைக்கு உள்மடிப்பிலிருந்து துணி எடுத்து ஒட்டுப் போடுவது தையல்காரியின் தொழில் வழக்கம். தரைக்கும் அதையே செய்திருந்தாள்.

சட்டைக்கு ஒத்துவந்தது தரைக்கு ஒத்துவரவில்லை. வெறும் சிமெண்டில் ஈரம் கசிந்து, மரப் பீரோவின் கால் உளுத்துப்போயிருந்தது. கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த தைத்த துணிகளில் பூஞ்சை புள்ளி வைத்திருந்தது. இனி மாற்றாமல் விட முடியாது என்று தரைக்காரர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

வீட்டுக்காரி கட்டில் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"தேஞ்சுபோச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மாத்துறேன்னு சொல்லுவீங்கக்கா," என்றாள் தையல்காரி. "இதுக்கு முன்னாடி இருந்த வீட்லயும் அப்படித்தான் சொன்னாங்க. ஒரு வாரம் யார் வீட்லயாவது இருந்துட்டு வான்னாங்க. திரும்பி வந்து பார்த்தா வாசல்ல வேற ஆளோட செருப்பு கிடக்குது."

சேச்சே, நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல என்று சொல்ல வீட்டுக்காரிக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் அது பச்சைப் பொய். தரைக்காரர் தன் டேப்பை மடக்கிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

வீட்டுக்காரி தரைக்காரர் பக்கம் திரும்பி, பாதி அறையை முதலில் ஒட்டிவிட்டு, சாமானை அந்தப் பக்கம் தள்ளி, மீதியை அப்புறம் ஒட்ட முடியுமா என்று அவரிடம் கேட்டாள். அவர் முகத்தைச் சுளித்தார். நடுவில் ஜாயிண்ட் கோடு தெரியும், பின்னால் தன் வேலையைக் குறை சொல்லக்கூடாது என்றார். சாமானையும் அவர் தொடமாட்டாராம். தெரிந்தால் தெரியட்டும், சாமானை நாங்கள் நகர்த்திக்கொள்கிறோம் என்றாள்.

அதற்குள் கணவன் போனில் வந்துவிட்டான். காலி செய்யச் சொல்லியாயிற்றா என்பதுதான் முதல் கேள்வி.

"இல்ல. பாதி பாதியா ஒட்டப்போறோம். அவ இங்கதான் இருப்பா."

அவன் கத்தியது அறையில் எல்லோருக்கும் கேட்டது. புத்தி மழுங்கிவிட்டதா என்றான், தானே நேரில் வந்து பேசிக்கொள்கிறேன் என்றான்.

"வீட்டுக்கு வந்து பேசிக்கலாம். இப்ப எனக்கு முடியல," என்று போனை வைத்தாள்.

தையல்காரி தன் கழுத்து டேப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"இன்னொரு சாவி உங்க வீட்ல இருக்குல்லக்கா?"

கேட்டதன் அர்த்தம் வீட்டுக்காரிக்குப் புரிந்தது. கோபம் வந்திருக்கவேண்டும், கோபப்படவும் அலுப்பாக இருந்தது. கைப்பையைத் துழாவிச் சாவிக்கொத்தை எடுத்தாள். வளையம் இறுகிப்போயிருந்தது. காலையிலிருந்து சோப்புத் தண்ணீரில் ஊறிய விரல்களுக்கு அது வழிவிட மறுத்தது. தையல்காரி துணி வெட்டும் கத்தரியின் முனையை நீட்டினாள். வீட்டுக்காரி அதால் நெம்பி, அந்த ஒரு சாவியைக் கழற்றி மெஷின் மேல் வைத்தாள்.

"ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும்."

வீட்டில் காத்திருக்கும் சண்டையை நினைத்தபடி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.