ஒருவர் பார்த்த சாவி

தம்பிக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அக்கா பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவள். இருவருக்கும் சேர்த்து இணையத்தில் ஒரு சின்னக் கடை உண்டு. வீடியோ கேம்கள் தள்ளுபடியில் பாதி விலைக்கு வரும்போது அவற்றின் சாவிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். தள்ளுபடி முடிந்து விலை ஏறியதும், கம்பெனி விலையைவிடக் கொஞ்சம் குறைத்து விற்பார்கள். சாவி என்றால் இரும்பல்ல, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. வாங்கியவர் தன் கணக்கில் அதைப் போட்டால் கேம் இறங்கிவிடும். அதோடு அந்தச் சாவி செத்துவிடும்.

கடையின் பேரில் ஏற்கெனவே இரண்டு புகார்கள். யாரோ விற்ற செத்த சாவிகளை நம்பி வாங்கி விற்றதால் வந்தவை. மூன்றாவது வந்தால் கடையை மூடிவிடுவோம் என்று கடைக்கு இடம் கொடுத்திருந்த இணையதளக்காரர்கள் எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதம் வந்த வாரத்தில்தான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தம்பியைப் போனில் கூப்பிட்டார். பஸ் ஓட்டும் கேம் வாங்கியிருந்தார்.

“ஸ்டியரிங்கெல்லாம் வாங்கி மாட்டிட்டேன் தம்பி. இப்பத்தான் மருமக சொல்றா, நான் வாங்கினது கம்ப்யூட்டருக்காம். எங்க வீட்ல இருக்கிறது டிவியில மாட்டுற பெட்டி. மாத்தித் தருவீங்களா?”

“சாவியைத் திறந்து பார்த்துட்டீங்களா ஐயா?”

“பார்த்தேனே. காகிதத்துலகூட எழுதி வச்சேன். ஆனா எங்கயும் போடல.”

தம்பி போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் சொன்னான்.

“பார்த்த சாவியைத் திருப்பி வாங்க வேண்டியதில்லன்னு விதியே இருக்கு,” என்றாள் அக்கா, துணி தேய்ப்பதை நிறுத்தாமல். “போட்டுட்டுப் போடலன்னு சொன்னா என்ன பண்ணுவ?”

“பஸ் டிரைவரு, அக்கா. பாவம்.”

“பஸ்காரங்க பொய்யே சொல்ல மாட்டாங்களா? ‘பின்னாடியே காலியா ஒரு வண்டி வருது’ன்னு எத்தன தடவ கேட்டிருக்கேன்!”

“நாமளே போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்.”

“போட்டா செத்துடுமேடா, மக்கு!”

அதுதான் சிக்கல். சாவிக்கு உயிர் இருக்கிறதா என்று அறிய, அதைச் செலவழித்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. இல்லையென்றால், முகம் தெரியாத ஒருவரின் வார்த்தையை நம்ப வேண்டும். கடவுள் நம்மை நாள்தோறும் அப்படித்தானே நம்பி விட்டுவைத்திருக்கிறார்.

தம்பி கையை எடுத்தான். “சரிங்க ஐயா, உங்க பெட்டிக்கு வேற சாவி அனுப்புறேன். அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடுங்க.”

“போச்சு. கடையைத் தலைமுழுகு,” என்றாள் அக்கா.

“திரும்பி வந்ததைச் சும்மா புதுசுன்னு விக்க மாட்டேன்க்கா. விஷயத்தைச் சொல்லித்தான் விப்பேன்.”

“சொன்னா எவன் வாங்குவான்?” என்று கேட்டவள், அவன் தட்டுத்தடுமாறி எழுதுவதைப் பார்க்கப் பொறுக்காமல், “தள்ளு, உனக்கு எழுத வராது,” என்று தானே உட்கார்ந்தாள். ‘இந்தச் சாவியை ஒருவர் பார்த்திருக்கிறார். பயன்படுத்தவில்லை என்கிறார். நாங்கள் நம்புகிறோம். பாதி விலை. வேலை செய்யாவிட்டால் பணம் வாபஸ்.’

மதியத்துக்குள் யாரோ வாங்கிவிட்டார்கள். பிறகு சத்தமே இல்லை. அக்கா ஒரே சட்டையை மூன்று முறை தேய்த்தாள். பார்க்காத மாதிரியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் செய்தி வந்தது: ‘கேம் இறங்கிவிட்டது. முதல் நிறுத்தத்திலேயே மரத்தில் மோதிவிட்டேன். நன்றி.’

அக்காவுக்குச் சிரிப்பு தாளவில்லை. கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

“டிரைவருக்கு ஒரு போன் போடுடா. சாவி நல்ல சாவிதான்னு சொல்லு.”

“எதுக்குக்கா? நாம சந்தேகப்பட்டதே அவருக்குத் தெரியாதே.”

அக்கா தேய்த்த சட்டையை மடித்து வைத்தாள்.

“அப்ப, புதுச் சாவி பெட்டியில ஏறிச்சான்னு மட்டும் கேளு,” என்றாள். அவன் எண்ணைத் தேடுவதற்குள் போனைத் தானே பிடுங்கிக்கொண்டாள்.