முதல் வாசகம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அன்ரோனெற் வீட்டுக்குப் பின்னால் பந்தலில் கட்டா மீன் கருவாட்டைப் பரப்பிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளே அவளுடைய கணவன் றெனால்ட் அவளைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று, வெள்ளைச் சேட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, நல்ல சத்தமாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. அன்றைக்குப் பூசையில் முதல் வாசகம் அவனுக்கு. பழைய ஏற்பாட்டில் உழைக்கிற மனைவி ஒருத்தியைப் பற்றி வரும் பகுதி. அப்படி ஒருத்தி கிடைப்பது அரிது என்கிற இடத்துக்கு வரும்போது அவனுடைய குரல் உண்மையாகவே தழுதழுத்தது. வெளியே அந்த அரியவள் உப்புக் கையால் மூக்கைச் சொறிய முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

றெனால்டைச் சோம்பேறி என்று ஒரே சொல்லில் முடித்துவிட ஊராருக்கு மனம் வராது. கடலுக்குப் போனவன்தான். இழுவைப் படகுகள் இரண்டு தரம் வலையை அள்ளிக்கொண்டு போன பிறகு, இனி எனக்கும் கடலுக்கும் சரிவராது என்று கரையேறினான். ஏறியவன் நேரே சந்திக் கடையின் வாங்குப் பலகையில் போய் இருந்தான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான். பேப்பர் வாசித்துச் சொல்வான், சண்டை பிடித்தவர்களைச் சமாதானம் பண்ணுவான், செத்த வீட்டில் யார் எப்போது பேசுவது என்று ஒழுங்கு பண்ணுவான். தவக்காலத்தில் அவன் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசித்தால் கல்லும் அழும் என்பார்கள். ஊர் நியாயம் முழுவதும் பேசப்பட்ட அந்தச் சந்தியில், அவன் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்ற நியாயத்தை மட்டும் ஒருவரும் எடுத்ததில்லை.

அந்த வேதப் பகுதியை முதலில் கண்டுபிடித்தது அன்ரோனெற்தான். பங்குச் சுவாமி வீட்டுக்கு வீடு வேதாகமம் கொடுத்த வருசம், உப்புப் போட்டுவிட்டு மீன் ஊறும்வரை இருந்து வாசித்தாள். விடியுமுன் எழும்புகிறாள், வீட்டாருக்குச் சாப்பாடு கொடுக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குப் புதினமாக இல்லை. அதைச் சொல்ல வேதம் எதற்கு? ஆனால் அந்தப் பெண் ஒரு காணியைப் பார்க்கிறாள், விசாரிக்கிறாள், தன் உழைப்பால் அதை வாங்குகிறாள் என்று ஒரு வரி வந்தது. அதுவரை உழைப்பென்றால் நேற்றையைவிட இன்று கொஞ்சம் முந்தி எழும்புவது என்றுதான் நினைத்திருந்தாள். முந்தி எழும்பி எழும்பி அவள் இரவைத்தான் கட்டையாக்கினாளே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. உழைப்பைக் கொண்டுபோய் ஒரு இடத்தில் ஊன்ற வேண்டும் என்று அன்றைக்குத்தான் பட்டது.

றெனால்டுக்கும் அதே பக்கத்தில் ஒரு வரி அகப்பட்டது.

"இஞ்ச பார். அவளின்ர புருசன் ஊர்வாசல்ல பெரியாக்களோட இருப்பானாம். வேதத்திலயே கிடக்கு."

"ஓமோம். அந்தப் பெரியாக்களுக்குத் தேத்தண்ணி ஆரின்ர காசிலயாம்?"

"அது போடேல்ல," என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவனோடு கோபம் சாதிப்பதில் இருந்த கரைச்சல் அதுதான்.

அவள் கண் வைத்திருந்த காணி மீராசாஹிபுவுடையது. தலைமன்னார் வீதியோரம், மேட்டு நிலம், பழைய கொட்டில் ஒன்று கூரையோடு நிற்கிறது. அந்தக் கூரை கிடைத்தால் மாரி காலத்திலும் கருவாடு போடலாம், வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நோக வேண்டியதில்லை. இப்போதுள்ள வளவில் ஒரு தூறல் விழுந்தாலும் நெஞ்சு பதறும். பல வருசமாகச் சேர்த்ததோடு, திங்கட்கிழமை லொறிக்கு இந்தக் கட்டாக் கருவாடு முழுவதையும் ஏற்றினால் காணிக்குப் போதும். ஏற்றாவிட்டால் போதாது. நனைந்த கருவாட்டை லொறிக்காரன் தொடமாட்டான்.

"எனக்கு உங்களுக்குக் குடுக்கத்தான் விருப்பம் மகள்," என்றிருந்தார் மீராசாஹிபு. "ஆனா செவ்வாய்க்கிழமை புத்தளத்து ஆக்கள் வாறாங்க. அதுக்கு மேல என்னால பொறுக்க ஏலாது."

புதன்கிழமை, ஞாயிறு வாசகத்தைப் பார்க்கப் போன றெனால்ட் கோயிலிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். பூசையில் அந்தப் பகுதி முழுவதும் வாசிப்பதில்லையாம். இடையில் கொஞ்சம் வெட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

"எங்கட வரியளை விட்டுட்டாங்களப்பா. நான் வாசல்ல இருக்கிறதும் இல்லை, நீ காணி வாங்கிறதும் இல்லை."

வெட்டியது போக, கடைசி வரியில் ஊர்வாசல் ஒன்று வரத்தான் செய்தது. அங்கே புகழப்படுவது அவளுடைய வேலை. புருசனைப் பற்றி அந்த இடத்தில் ஒரு பேச்சும் இல்லை. அதை அவன் இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான்.

வியாழன் தொடங்கிய மழை மப்பு சனிக்கிழமைதான் விலகியது. இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். ஞாயிறு விடிய வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. ஆனாலும் நவம்பர் மாதத்து வானத்தை யார் நம்புவது? காவலுக்கு இருந்துவிட்டுப் பின்னேரப் பூசைக்குப் போவதென்றுதான் அன்ரோனெற் நினைத்திருந்தாள். றெனால்ட் பந்தலடிக்கு வந்து, சேட்டில் உப்புப் படாமல் தள்ளி நின்றான்.

"ஒருக்கா வந்து முன்வாங்கில இரு. உன்னைப் பாத்து வாசிக்கவேணும் எண்டு ஆசையாக் கிடக்கு."

"மழை வந்தா?"

"எங்க மழை? பார் வானத்தை."

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசையை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கையைக் கழுவி, சேலை மாற்றி, அவன் பின்னால் போனாள்.

பூசையில் 'உன்னதங்களிலே' கீதம் பாடிக்கொண்டிருக்கும்போது யன்னலுக்கு வெளியே தென்னோலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. வாடைக் காற்று. பாட்டு முடிந்து சுவாமி "மன்றாடுவோமாக" என்றபோது கோயிலுக்குள் வெளிச்சம் குறைந்துவிட்டது. சுவாமி கையை விரித்து மன்றாட, அன்ரோனெற் எழும்பினாள். பீடத்துக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்த றெனால்ட் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். முன்வாங்கிலிருந்து வாசல்வரை எல்லோரும் பார்க்கத்தக்கதாக நடந்து, வாசலைத் தாண்டியதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

வீடு கோயிலுக்குப் பின் ஒழுங்கையில். அவள் வேலிப் படலையைத் தள்ளும்போது முதல் துளிகள் மணலில் பொட்டுப் பொட்டாக விழுந்தன. மழைக்கு மூடுகிற தறப்பாளைச் சுருளோடு இழுத்தாள். அது இரண்டு பேர் பிடிக்கிற தறப்பாள். அவள் ஒரு முனையை இழுத்துப்போட்டு, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்ரிக் கானைத் தூக்கி அதன்மேல் வைத்து, பந்தலைச் சுற்றி ஓடி மறுமுனையைக் கட்டிப் பழகியிருந்தாள். அப்போது கோயில் ஒலிபெருக்கியில் றெனால்டின் குரல் வந்தது.

எவ்வளவு நல்ல குரல்! காற்றுக்கும் அசையவில்லை. அந்த மனைவி பவளத்தைவிடப் பெறுமதியானவள் என்றது. கணவனின் நெஞ்சு அவளை நம்பியிருக்கிறது என்றது. ஊர் முழுவதும் கேட்டிருக்கும். அன்ரோனெற் தறப்பாளைப் பிடித்து இழுத்தாள், காற்று அதைப் பிடுங்கி அவள் முகத்திலேயே அடித்தது. "வாசியுங்கோ, நல்லா வாசியுங்கோ!" என்று கத்தினாள். அழுகை வந்தது. கட்டாவின் மேல் மழை விழும் சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்டது.

"அவளுடைய கைகள்..." என்றது குரல். பிறகு நின்றது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தாள். ஆனால் ஒலிபெருக்கி இரைந்துகொண்டுதான் இருந்தது. யாரோ இருமினார்கள். ஒரு கதிரை இழுபட்டது. காலடிச் சத்தம் ஒன்று மைக்கை விட்டுத் தூரப் போனது. கொஞ்ச நேரம் கழித்துக் கன்னியர் மடத்து மதர் ஒருவரின் மெல்லிய குரல், "அவளுடைய கைகள்" என்று விட்ட இடத்திலிருந்து எடுத்து, தட்டுத் தடுமாறி வாசிக்கத் தொடங்கியது.

அன்ரோனெற் தன் முனையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். மறுமுனை காற்றில் எழும்பி எழும்பி விழுந்தது. தண்ணீர்க் கான் காலடியில் இருந்தது. குனிந்து தூக்கி வைத்தால் போதும். அவள் குனியவில்லை. கருவாட்டில் மழை விழுந்துகொண்டிருக்க, திறந்து கிடந்த படலையையும் அதற்கப்பால் ஒழுங்கையையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.