வியாழக்கிழமைக் கரை

பலர்மோவுக்கு வெளியே, ஸ்ஃபெராகவால்லோவில் பஸ்ஸால் இறங்கி, மீன் படகுகள் கட்டியிருந்த சிறிய துறையைத் தாண்டியதும் மாக்கிரட் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தாள். மதில் ஓரமாகக் கொஞ்சத் தூரம் நிழல் இருந்தது. அதற்குப் பிறகு வெறும் பாறையும் வெயிலும்தான். அவள் தனியாக வந்திருந்தாள், பாதையை முதலில் தான் நடந்து பார்க்க வேண்டும் என்று. சிநேகிதி யூலியானாவுக்கு முழங்கால் வலி, குந்தியிருந்து மாபிள் தரை தேய்த்துத் தேய்த்து வந்தது. ஏற்றம் ஏற முடியாது. மற்றச் சிநேகிதி எவ்லினுக்கு வெயில் பட்டால் தலையிடி. எந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, எந்தக் கடைக்காரன் முகம் சுளிக்காமல் கழிவறையைப் பாவிக்க விடுவான், திரும்பும் பஸ்ஸை எந்தச் சந்தியில் பிடிக்கலாம் என்பதெல்லாம் தெரியாமல் அவர்களைக் கூட்டிவர முடியாது.

பலர்மோவில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஓய்வு. அந்த அரை நாளைப் பலர் பழைய நகரப் பகுதியான கால்சாவின் இருண்ட அறைகளில் படுத்துக் கழித்தார்கள், அல்லது ஏதாவது சதுக்கத்தின் வாங்கில் உட்கார்ந்து ஊர்ச் செய்தி கதைத்தார்கள். மாக்கிரட்டும் ஆறு வருடமாக அப்படித்தான் இருந்தாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு வசந்தத்தில் ஒருநாள், இவ்வளவு பெரிய கடல் பக்கத்தில் இருக்க, தான் அதைப் பார்ப்பது எசமானி சிஞ்ஞோராவின் யன்னல் கண்ணாடியைத் துடைக்கும்போது மட்டும்தான் என்று அவளுக்குத் தோன்றியது. இனி வியாழக்கிழமைகளில் யூலியானாவோடும் எவ்லினோடும் கரையால் நடக்கப் போவதாக அன்றிரவு சாப்பிடும்போதே கணவன் றோபேட்டிடம் சொல்லிவிட்டாள்.

"மூண்டு பொம்பிளையள் கடற்கரையாலை சும்மா திரிஞ்சா சனம் என்ன கதைக்கும்?" என்றான் அவன்.

"சும்மா இல்லை. நடக்கப் போறம்."

முதல் நடை துறையைச் சுற்றி, யூலியானாவின் காலுக்கு ஏற்ற மாதிரி. இரண்டாவது மேற்குப் பக்கம், தீவு தெரியும் இடம் வரை. இரண்டும் நன்றாகவே நடந்தன. எவ்லின் மொரீஷியஸ்காரி, அவளுடைய பூட்டனார் தமிழர், அவளுக்குத் தமிழ் வராது. இத்தாலியனில்தான் மூவரும் கதைப்பார்கள். இரண்டாவது நடை முடிந்த அன்று பஸ்ஸுக்குள் அவள் தன் வீங்கிய பாதங்களை நீட்டிப் பார்த்துக்கொண்டு, "இந்தக் கால்கள் இன்றைக்கு எனக்காக வேலை செய்திருக்கின்றன" என்றாள்.

மூன்றாவதுதான் சிக்கல். அது கிழக்கே பார்க்கரெல்லோ வரை, மலை கடலுக்குள் இறங்கும் இடத்துக்குப் போவது. நடுவில் சிஞ்ஞோராவின் கோடைகால வீடு. மாக்கிரட் கிழமை நாட்களில் வேலை செய்யும் அதே சிஞ்ஞோரா லவீனியா. வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஆட்கள் காலங்காலமாக நடந்த பாறைப் பாதையில், பங்குனி மாதம், அவளுடைய கணவர் ஓர் இரும்புக் கதவு போட்டிருந்தார். ஒரு முனை மதிலில், மறு முனை தண்ணீருக்குள் நிற்கும் பாறையில். தூண்டில்காரர்கள் வந்து பார்த்துத் திட்டிவிட்டுத் திரும்பிப் போவதை மாக்கிரட் மாடத்தில் துணி காயப்போடும்போது பார்த்திருக்கிறாள்.

ஞாயிறு பூசை முடிந்து மூவரும் மாக்கிரட்டின் குசினியில் கூடினார்கள். அவள் மேசையில் பாண் துண்டுகளை வைத்து வழி காட்டினாள்: இது துறை, இது குழாய், இது கதவு.

"உன்னட்டை அந்த வீட்டுத் திறப்பு இருக்குதெல்லே," என்றாள் யூலியானா தமிழில். "கதவைத் திறந்து போட்டுப் போவம். ஆர் பாக்கப் போகினம்?"

"திறப்பாலை போனா அது அவையின்ரை வழி. வேலைக்காரியெண்டு விட்ட மாதிரி."

"பிறகு எப்பிடிப் போறது?"

"பாறையின்ரை முனையிலை தண்ணி முழங்காலுக்குத்தான். சுத்திப் போவம்."

வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த றோபேட் நிமிர்ந்தான். அவன் ஓர் உணவகத்தில் சட்டி கழுவுகிறவன். வருகிற மார்கழியில் இருவருடைய பெர்மெஸ்ஸோவும், அதாவது இத்தாலியில் தங்கும் அனுமதியும், புதுப்பிக்க வேண்டும். "அந்த மனிசி உனக்கு வேலை இருக்கெண்டு கையெழுத்து வைக்காட்டி கொஸ்தூராவிலை பொலிசுக்கு என்னத்தைக் காட்டுவாய்? வேறை இடமே இல்லையா நடக்கிறதுக்கு?"

மாக்கிரட் கதவுக்கு வைத்த பாண் துண்டை மேசையிலிருந்து எடுத்தாள். ஊரில், பேசாலையில், சண்டைக் காலத்தில் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும், கரையில் கால் வைக்க நேவிக்காரனிடம் பாஸ் காட்டிக்கொண்டு அவளுடைய தகப்பன் வரிசையில் நின்றதை அவனும் அறிவான். அவனுடைய தகப்பனும் நின்றவர்தான்.

"அங்கை துவக்கு வைச்சிருந்தவன் மறிச்சான், நிண்டம்," என்றாள். "இஞ்சை ஒரு கதவுதானே."

அவன் எழுந்து போய்விட்டான்.

வியாழன் வெயில் கடுமையாக இருந்தது. கதவடியில் மூவரும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி தண்ணீருக்குள் இறங்கினார்கள். அடியில் பாசி வழுக்கியது. யூலியானா நடுவில் ஒருதரம் சறுக்கி, "மாதாவே" என்று முனகினாள்; எவ்லின் அவளுடைய இடுப்பை வளைத்துத் தாங்கினாள். மறுபக்கம் ஏறி ஈரக் கால்களோடு நடந்தபோது மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. மாடத்தில் விருந்தாளிகள் இருந்தார்கள். வெள்ளைத் தொப்பியோடு எட்டிப் பார்த்தது சிஞ்ஞோராதான்.

"மார்கெரீத்தா!" என்றாள். அவள் மாக்கிரட்டை அப்படித்தான் கூப்பிடுவாள். முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு சிரிப்பு. "நல்ல நேரத்துக்கு வந்தாய். மேலே வா, எல்லோருக்கும் கோப்பி போட வேண்டும். உன் சிநேகிதிகள் குசினியில் இருக்கட்டும்."

மாக்கிரட்டின் கால்கள் படியை நோக்கித் தாமாகவே அரை அடி திரும்பின. அதை அவள் உணர்ந்தாள். ஆறு வருடப் பழக்கம். பின்னால் யூலியானா மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"இன்றைக்கு வியாழன், சிஞ்ஞோரா," என்றாள் இத்தாலியனில். "நாங்கள் நடக்க வந்திருக்கிறோம்."

மாடத்தில் யாரோ கரண்டியைக் கோப்பையில் வைத்தார்கள். சிஞ்ஞோராவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. "இது எங்கள் வீடு," என்றாள் மெதுவாக.

"வீடு உங்களுடையது."

மூவரும் மாடத்துக்குக் கீழாக, அவசரப்படாமல், முழங்கால் வலிக்காரியின் வேகத்தில் நடந்தார்கள். பார்வைகள் முதுகில் பட்டுக்கொண்டே வந்தன. மலையடியில் போய்த்தான் மாக்கிரட் உட்கார்ந்தாள். எவ்லின் தோடம்பழம் உரித்து ஒரு சுளையை அவளுடைய வாயில் வைத்தாள்.

மறுநாள் சிஞ்ஞோரா சத்தம் போடவில்லை. மாக்கிரட் போனதும் கையை நீட்டித் திறப்பைக் கேட்டாள். இந்த மாதத்தோடு போதும் என்றாள். மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம் என்றும் சொன்னாள். மாக்கிரட் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, அன்றைய துணிகளை எல்லாம் ஸ்திரிக்கையால் மினுக்கி மடித்து முடித்துத்தான் வெளியே வந்தாள்.

றோபேட் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "ஒரேத்தோப் பக்கம் ஒரு வயசான மனிசி வீட்டு வேலைக்கு ஆள் தேடுறாவாம். எங்கடை குசினிக்காரன் சொன்னவன். கையெழுத்தும் வைப்பாவாம்," என்றான். பிறகு, அவளைப் பார்க்காமல், "நீ போய் மன்னிப்புக் கேட்டிருந்தா எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்திருக்கும்" என்றான். அந்த வேலை கிடைத்தது, பாதிச் சம்பளத்துக்கு.

கதை மட்டும் கோயில் முற்றத்தில் எப்படியோ பரவிவிட்டது. சிலர் மாக்கிரட்டுக்குத் திமிர் என்றார்கள். அடுத்த வியாழன் பஸ் தரிப்பில், அவள் கூப்பிடாத பெண்களும் நின்றார்கள். றோசமலர் அக்கா, இரண்டு மொரீஷியஸ் பெண்கள், பெயர் தெரியாத ஒரு பிலிப்பீன்ஸ்காரி.

கதவடிக்குப் போனபோது பாறையின் முனையிலிருந்து கடலுக்குள் புதிதாக முட்கம்பி இழுக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றுவதென்றால் ஆழத்துக்குள் போக வேண்டும். யாரும் திரும்பிப் போவோம் என்று சொல்லவில்லை. முதலில் இறங்கியது யூலியானாதான். தண்ணீர் அவளுடைய இடுப்புக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்கு. அவள் கைப்பையைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பின்னால் நீட்டினாள். அடுத்தவள் அதைப் பிடித்தாள்.